புதுமைப்பித்தன் கண்ட கடவுள்

(எமது சங்கத்தின் இலக்கிய வட்டக் கூட்டத்திலே நிகழ்த்திய உரை)





இவ்வுரைக்கு ஒரு முன்கதை உண்டு. சில மாதங்களுக்கு முன் இலக்கிய வட்டத்திலே வாசிப்பதற்கென்று ஒரு சிறுகதையைத் தெரிவு செய்தோம். புதுமைப்பித்தன் எழுதிய "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" என்பது அக்கதை. பெயரைக் கேட்டவுடனேயே இளைஞர் சிலர் சிரித்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, தேவாரம் ஓதித் தொடங்குகிற கூட்டத்திலே கடவுளைக் கேலி பண்ணுகிற கதையையா படிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கோபித்துக் கேட்கவில்லை, வருந்திக் கேட்டார். கோபத்துக்கு மறுமொழி சொல்வது இலகு. வருத்தத்துக்கு மறுமொழி சொல்வது கடினம். ஆகவே அன்று கதையை வாசியாமல் ஒத்திவைத்தோம். அந்தப் பெரியவருக்கு நாம் சொல்லக் கடமைப்பட்ட மறுமொழியே இன்றைய உரை.

முதலில் இந்த எழுத்தாளர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம். 1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரிலே பிறந்தவர். ஆயினும் சொந்த ஊர் திருநெல்வேலி. பள்ளிப் படிப்பிலே ஒரு பகுதியைக் கிறிஸ்தவ ஸ்தாபனம் ஒன்றின் பாடசாலையிலும், பட்டப் படிப்பைத் திருநெல்வேலி இந்துக் கல்லூரியிலும் முடித்து, 1931இல் பி. ஏ. பட்டம் பெற்றார். நாமும் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். காலையிலே பள்ளியில் ஜெபமும், மாலையிலே வீட்டில் விபூதியும் திருவாசகமுமாக வளர்ந்தவர்கள். இரண்டு வாசல்களிலும் நின்று பழகிய ஒருவருடைய கண் எப்படிப் பார்க்கும் என்பது எமக்கு ஓரளவு விளங்குகிறது. "இது என்ன, அது என்ன" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் கண் அது.

உத்தியோகத்தை நாடாமல் அவர் பத்திரிகைத் துறையை நாடினார். "மணிக்கொடி"யிலும் பின்னர் "கலைமகள்" முதலிய இதழ்களிலும் எழுதினார். வறுமையோடு வாழ்ந்து, கடைசியிலே சினிமாவுக்கு வசனம் எழுதப் போய், காசநோய்க்கு ஆளாகி 1948இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 42. அவர் கதைகள் எழுதிய காலம் பதினைந்து ஆண்டுகள்தாம் இருக்கும். அந்தக் குறுகிய காலத்துக்குள் ஏறத்தாழ நூறு கதைகளைத் தந்துவிட்டுப் போனார்.

எமது நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. 1935இல் அவர் எழுதிய "துன்பக்கேணி" திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த ஏழைகளின் கதை. அதிலே மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. உள்ளது உள்ளபடி, படிப்பவர் மனம் பதைக்க எழுதப்பட்ட கதை அது. இதை ஏன் சொல்கிறோமென்றால், வாழ்க்கையை நேருக்கு நேர் பார்க்கப் பயந்து கற்பனைக்குள் ஓடி ஒளிந்தவர் இவரென்று யாரும் எண்ணிவிடக்கூடாது. உள்ளதை எழுதத் தெரிந்த ஒருவர், சில வேளைகளிலே நடவாததை எழுதினார். ஏன் எழுதினார் என்பதுதான் எமது கேள்வி.

அவருடைய அதீதக் கற்பனைக் கதைகள் பலவகைப்படும். "கட்டில் பேசுகிறது" என்றொரு கதை. ஆஸ்பத்திரியிலே படுத்திருக்கும் நோயாளியிடம் அவன் படுத்திருக்கும் கட்டிலே பேச ஆரம்பிக்கிறது. களுபோவிலையில் வாழும் எங்களுக்கு ஆஸ்பத்திரி வாசல் புதிதன்று. பார்வையிடும் நேரம் முடிந்து, மணி அடித்து, உறவினர் எல்லோரும் போனபிறகு, விறாந்தையிலே விளக்கு மங்கிய வேளையில் அங்கே படுத்திருப்பவருக்கு யார் துணை? அந்த நேரத்திலே கட்டில் பேசுமா என்று கேட்பவர் ஒருநாளும் ஆஸ்பத்திரியில் இரவைக் கழிக்காதவராகத்தான் இருக்கவேண்டும்!

"காஞ்சனை" என்பது 1943இல் வெளிவந்த கதை. கதை எழுதிப் பிழைக்கும் ஒருவரின் வீட்டுக்குப் பிச்சைக்காரி ஒருத்தி வேலைக்காரியாக வந்து சேர்கிறாள். அதன்பின் நடுநிசியிலே பிணம் எரிகிற நாற்றம் வருகிறது. அவள் பேயா, பெண்ணா? நடந்தது உண்மையா, வீட்டுக்காரருடைய மனப்பிராந்தியா? கதை முடியும்போதும் ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. "வேதாளம் சொன்ன கதை"யிலோ பயமுறுத்த வேண்டிய வேதாளமே பரிதாபத்துக்குரிய பிராணியாகிவிடுகிறது. மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டால் வேதாளத்துக்குப் பிழைப்பேது?

இவற்றையெல்லாம் விரித்துரைக்க நேரம் போதாது. பெரியவரின் மனதை வருத்திய கதைக்கே வருவோம்.

"கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" 1943இல் "கலைமகள்" இதழில் வெளிவந்தது. சென்னை நகரத்திலே, சந்தடி மிகுந்த ஒரு நாற்சந்தியில் கந்தசாமிப் பிள்ளை நிற்கிறார். அவர் சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றை நடத்துகிறவர். டிராம் வண்டியிலே போவதா, அந்தக் காசை மிச்சம் பிடித்து நடந்து போவதா என்பது அவருடைய அப்போதைய பெரும் பிரச்சினை. அந்த வேளையிலே ஒரு கிழவனார் வந்து வழி கேட்கிறார். வந்தவர் கடவுள். இருவரும் ஒரு கடைக்குள் நுழைந்து காப்பி குடிக்கிறார்கள். காப்பியின் சுவையைக் கடவுள் மெச்சுகிறார். அந்தச் சுவை அவருடைய லீலையன்று, ஹோட்டல்காரன் கலந்த சிக்கரித் தூளின் லீலை என்று பிள்ளை திருத்துகிறார். கேலி இங்கேதான் தொடங்குகிறது. ஆனால் கேலி யாரைப் பற்றியது? சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

தாம் யார் என்பதைக் கடவுள் வெளியிட்டபிறகு பிள்ளை என்ன செய்கிறார்? காலில் விழவில்லை. தம் வீட்டிலே வந்து தங்கலாம் என்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை விதிக்கிறார். மனிதரோடு இருப்பதானால் மனிதருக்குரிய வரம்புக்குக் கட்டுப்பட்டு இருக்கவேண்டும் என்பதே அது. கடவுளும் உடன்படுகிறார். பிறகு திருவல்லிக்கேணியிலே அந்தச் சிறிய வீட்டுக்குப் போகிறார்கள். கடவுளே விருந்தாளியாக வந்திருக்கிறார். பிள்ளை கேட்டுப் பெற்றது எது தெரியுமா? தம்முடைய பத்திரிகைக்கு ஜீவிய சந்தா, ரூபா 25! ஜீவியம் என்றால் யாருடைய ஜீவியம், சந்தாதாரருடையதா பத்திரிகையினுடையதா என்று அதிலும் ஒரு பேரம் நடக்கிறது.

மனித வரம்புக்கு உட்பட்டவர் பிழைப்புக்கு ஒரு தொழில் செய்யவேண்டாமா? கடவுளுக்குத் தெரிந்தது கூத்து. ஆகவே, நாட்டியக் கலையைப் போஷிப்பதாகப் பெயர்பெற்ற ஒரு பெரிய மனிதரிடம் அழைத்துச் செல்லப்படுகிறார். கூத்தப்பிரானே நேரில் வந்து ஆடுகிறார்; அது சாஸ்திரத்துக்கு ஒத்துவராத ஆட்டம் என்று அந்தப் பெரிய மனிதர் வெளியே அனுப்பிவிடுகிறார். கடைசியிலே கடவுளுக்கு ஒன்று விளங்குகிறது: மனிதருக்கு எட்ட இருந்து வரம் கொடுக்கலாம், கிட்ட இருந்து கூடி வாழ முடியாது. அவர் போய்விடுகிறார். பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறந்து 25 ரூபாவை வரவு வைக்கிறார்.

சபையோர்களே, இந்தக் கதையிலே கடவுள் செய்த பிழை ஏதாவது உண்டா? வழி கேட்டார், காப்பியைப் பாராட்டினார், கேட்ட சந்தாவைக் கொடுத்தார், கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், ஆடச் சொன்னபோது ஆடினார். பிழையெல்லாம் மற்றவர்களுடையது. தில்லையிலே சிலையாக நின்றால் விழுந்து கும்பிடும் உலகம், அதே பெருமான் உயிரோடு வந்து ஆடினால் "சாஸ்திரம் தெரியாதவன்" என்கிறது. ஆசிரியரின் கேலி கடவுள் மீதா, எங்கள் மீதா?

அந்த வீட்டிலே கடவுளை வஞ்சகமில்லாமல் ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு உயிர்தான். அது பிள்ளையின் சின்ன மகள் வள்ளி. வந்தவர் யார், அவரால் வருமானம் என்ன என்று அந்தக் குழந்தை கேட்கவில்லை. "தாத்தா" என்று ஒட்டிக்கொண்டுவிட்டது. வந்த விருந்தாளியும் அந்தக் குழந்தையோடு இருக்கும்போதுதான் மகிழ்ச்சியாக இருக்கிறார். கடவுளைக் கேலி செய்ய விரும்பும் ஒருவர் இந்தக் குழந்தையைச் சிருஷ்டித்திருக்க மாட்டார் என்பது எமது துணிபு.

இன்னொன்றையும் பெரியோர்கள் முன்னிலையிலே விண்ணப்பித்துக்கொள்கிறோம். இந்தக் கதையின் அமைப்பு எங்களுக்குப் புதிதா? மதுரையிலே வந்தி என்னும் கிழவிக்காக உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்று, மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி பட்டவர் யார்? இளையான்குடி மாறநாயனார் வீட்டுக் கதவை மழை இரவிலே பசியோடு வந்து தட்டியவர் யார்? சுந்தரமூர்த்தி நாயனாரின் மணப்பந்தலிலே முதிய அந்தணராக ஓலையோடு வந்து வழக்காடியவர் யார்? அப்பொழுது சுந்தரர் அவரைப் "பித்தன்" என்று ஏசினார். ஏசிய அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடும்படி இறைவன் பணித்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. வசைச் சொல்லிலிருந்து ஒரு தேவாரமே பிறந்த சமயம் எங்களுடையது. "பித்தன்" என்ற சொல்லைத் தம் புனைபெயரிலே சேர்த்துக்கொண்ட எழுத்தாளரின் சிரிப்பையா அந்தச் சமயம் தாங்காது?

புதுமைப்பித்தன் திருவிளையாடலை மாற்றவில்லை. இறைவன் முன்போலவேதான் வருகிறான். வந்து சேர்கிற வீடுதான் மாறிவிட்டது. மாறநாயனார் வீட்டில் அன்று வேறு உணவில்லை. அன்று பகல் விதைத்த நெல்லை இருட்டிலே வயலுக்குப் போய் வாரிக்கொண்டு வந்தார். அந்த அம்மையார் அதைச் சமைத்தார். கந்தசாமிப் பிள்ளையின் வீட்டிலே சந்தா ரசீது கிடைக்கிறது. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது கேலியைவிடத் துக்கமே மேலோங்கி நிற்பதை உணர்கிறோம். ஆயினும் பிள்ளையைக் கெட்டவரென்று சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு டிராம் கட்டணத்தை மிச்சம் பிடிக்க வழிபார்த்து நிற்கும் மனிதருக்கு மோட்சத்தைப் பற்றி யோசிக்க ஓய்வேது? அதையும் ஆசிரியர் அறிந்தே எழுதியிருக்கிறார்.

பிற சமயத்தாரிடையேயும் இப்படியொரு கதை உண்டு. ருஷ்ய நாட்டுத் தொஸ்தொயெவ்ஸ்கி 1880இல் எழுதி முடித்த "கரமசோவ் சகோதரர்கள்" என்னும் நாவலிலே, யேசுநாதர் மறுபடியும் பூமிக்கு வருகிறார். அவருடைய பெயராலேயே ஆட்சி செய்யும் முதிய மத குரு அவரைச் சிறைப்படுத்தி, இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அது இடிமுழக்கம்போன்ற கதை. புதுமைப்பித்தனுடையதோ காப்பிக் கடைப் பேச்சு. ஆனால் இரண்டும் கேட்பது ஒரே கேள்வி. கடவுளைக் கும்பிடுகிறவர்களுக்குக் கடவுள் வேண்டியிருக்கிறாரா?

அடுத்து, "சாப விமோசனம்". இதுவும் 1943இல் வெளிவந்தது. இராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடியாமற் போகலாம் என்று ஆசிரியரே தொடக்கத்தில் எச்சரித்துவிடுகிறார். இராமனுடைய பாததூளி பட்டு அகலிகை கல்லினின்றும் பெண்ணாக எழுகிறாள். புராணம் அங்கே நின்றுவிடுகிறது. புதுமைப்பித்தன் அங்கேதான் கதையைத் தொடங்குகிறார். சாபம் நீங்கியது, அடுத்த நாள் காலையில் என்ன? கௌதமர் மன்னித்துவிட்டார். ஆனால் யாராவது ஒருவர் சற்று உற்றுப் பார்த்தாலும் அவள் உள்ளம் நடுங்குகிறது. தற்செயலாகச் சொன்ன சொல்லிலும் தன்னைக் குத்தும் பொருள் இருக்குமோ என்று அஞ்சுகிறாள். ஆண்டுகள் போகின்றன. வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்த செய்தியை அவளுக்குச் சொல்கிறாள். தன்னை மன்னித்த இராமனா சீதையைத் தீயிலே இறங்கச் செய்தான் என்று அகலிகை திகைக்கிறாள். அவளுக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா? அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

சாபம் நீங்கியதென்று அறிவிப்பது ஒரு கணத்து வேலை. நீங்கிய சாபத்தோடு வாழ்வது ஆயுட்கால வேலை. இதை எங்கள் மூத்தோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையிலே இந்தக் கொழும்பிலே வீடு வாசலை இழந்து, அகதி முகாமிலே தங்கி, கப்பலேறிப் போய், பின்னர் திரும்பி வந்து வெள்ளவத்தையிலும் களுபோவிலையிலும் குடியிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் சொல்லும். ஆனால் இரவிலே படலையில் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து உட்காரும் பாட்டிமார் உண்டு. அவர்களுடைய அந்த இரவை அகலிகையின் கதையைப் படித்தபிறகே நாம் சரியாக விளங்கிக்கொண்டோம். புராணத்தை எள்ளி நகையாடுவது ஆசிரியரின் நோக்கமாயிருந்தால் எங்களுக்கு இந்தப் பயன் கிடைத்திராது.

புதுமைப்பித்தன் குறையில்லாதவர் என்று சொல்ல நாம் வரவில்லை. அவசரத்தில் எழுதியவை பல. மாப்பசான் முதலிய மேனாட்டு ஆசிரியர்களின் கதைகளைத் தழுவியவையும் உண்டு. அதனால் எழுந்த சர்ச்சையும் இலக்கிய உலகம் அறிந்ததே. சில இடங்களிலே அவருடைய ஏளனம் இரக்கத்தை முந்திக்கொண்டு போய்விடுகிறது. பெரியவர் அஞ்சியது முழுவதும் பிழையென்றும் சொல்லமாட்டோம். கடவுளைப் பற்றிய பகிடியை மட்டும் எடுத்துக்கொண்டு, தம்மைப் பற்றிய பகிடியை விட்டுவிடும் வாசகரிடத்திலே இக்கதை தீங்கு செய்யக்கூடும். அன்று தலைப்பைக் கேட்டுச் சிரித்த இளைஞர்களுள் நாமும் இருந்தோம். அப்பொழுது நாம் கதையை முழுவதும் படித்திருக்கவில்லை என்பதை இந்தச் சபையிலே ஒப்புக்கொள்கிறோம்.

அவர் திறந்த வழி அடைபட்டுப் போகவில்லை. தமிழகத்திலே ஜெயமோகன் எழுதிய "மாடன் மோட்சம்" என்ற கதையில், படையல் இல்லாமல் பசியால் வாடும் கிராமத்துக் காவல் தெய்வம் தன் பூசாரியோடு சுகதுக்கம் பேசுகிறது. பெரிய கோயில் எழும்பியபிறகு மாடனுக்கும் பூசாரிக்கும் நடுவே சுவர் எழும்பிவிடுகிறது. எமது நாட்டவரான ஷெஹான் கருணாதிலக ஆங்கிலத்திலே எழுதி 2022இல் புக்கர் பரிசு பெற்ற நாவலிலே, கொலையுண்ட புகைப்படக்காரன் ஒருவன் ஆவியாகக் கொழும்பு வீதிகளிலே அலைகிறான். உயிரோடிருப்பவர்கள் பேச அஞ்சுவதை இறந்தவன் பேசுகிறான். அதீதக் கற்பனை குழந்தைகளின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் இவற்றை எண்ணிப் பார்க்கவேண்டும். நேரே சொன்னால் கேட்க மறுக்கும் உண்மையை, வேறு வேஷம் போட்டு வாசலுக்கு அழைத்துவருவது இக்கதைகளின் தொழில்.

நிறைவாக ஒன்று சொல்லி அமர்கிறோம். ஆண்டுதோறும் ஆடிவேல் இரதம் காலி வீதி வழியாக வரும்போது வீதியோரத்திலே கைகூப்பி நிற்கிறோம். நிறைகுடம் வைக்கிறோம், தேங்காய் உடைக்கிறோம். எல்லாம் நல்லதே. ஒருநாள், விழாவும் இல்லை, மேளமும் இல்லை. வெள்ளவத்தைச் சந்தையடியிலே பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு கிழவனார், களுபோவிலைக்கு எப்படிப் போவதென்று எங்களிடம் கேட்டால்? கையடக்கத் தொலைபேசியிலிருந்து கண்ணை எடுத்து அவருக்கு வழி சொல்வோமா? ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்போமா? அல்லது, எங்கள் சங்கத்து மலருக்கு ஒரு விளம்பரம் தருவாரா என்று கேட்போமா? சிரிக்கிறீர்கள், இந்த மலர்க்குழுவிலே வேலை செய்த நாம் கேட்டிருப்போம்!

சென்னையில் டிராம் வண்டிகள் 1953இலேயே நின்றுவிட்டன. கந்தசாமிப் பிள்ளை மாத்திரம் இன்னும் அந்தச் சந்தியிலே நிற்கிறார். அவர் யார் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

அந்தப் பெரியவர் இன்றும் முன்வரிசையிலே இருக்கிறார். ஐயா, உங்கள் அனுமதி கிடைத்தால் அடுத்த கூட்டத்திலே அந்தக் கதையை வாசிப்போம். வழக்கம்போலத் தேவாரம் ஓதியே தொடங்குவோம். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு: கதையை நீங்களே வாசிக்கவேண்டும், நாங்கள் கேட்கவேண்டும். எங்கே சிரிக்கலாம், எங்கே சிரிக்கக்கூடாது என்பது அப்பொழுது எங்களுக்குத் தெரியவரும்.